பட்ட மேற்படிப்பும் தொண்டுப் பணியும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கிய விழாவில் இப்படியொரு தலைப்பா என்று சிலர் எண்ணக்கூடும். நம் உறுப்பினர்களில் ஆசிரியர்களுக்கு அடுத்தபடி மிகுதியாக இருப்பவர்கள் தொண்டு நிறுவனங்களில் பணிபுரிவோரே. அவர்களுள் ஓர் இளங்கவிஞர், கடற்கரைச் சிற்றூர்களில் மகளிர் குழுக்களோடு ஏழாண்டுகள் பணியாற்றியவர், வேலையை விட்டுவிட்டுச் சமூகப்பணி முதுகலை படிக்கலாமா என்று சென்ற மாதம் என்னைக் கேட்டார். அவர் இசைவோடு அந்தக் கேள்வியையே இன்று எடுத்துக்கொள்கிறேன்.

தொண்டுக்குப் படிப்பு எதற்கு என்பது பழைய கேள்வி. பம்பாயில் 1936-இல் டாட்டா அறக்கட்டளையின் துணையோடு சமூகப்பணிக்கென்று ஒரு பட்ட மேற்படிப்புப் பள்ளி தொடங்கியது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் 1952-இல் ஒரு சமூகப்பணிப் பள்ளியைத் தொடங்கினார். இரக்கம் மட்டும் போதாது, முறையும் வேண்டும் என்பதே அவர்கள் கண்ட உண்மை. இன்று காலாப்பட்டில் உள்ள நம் பல்கலைக்கழகத்திலேயே சமூகப்பணித் துறை இருக்கிறது. ஆதலால் தொலைவு ஒரு தடையன்று.

இந்தக் கேள்விக்கு ஒரு வாழ்க்கையே விடையாக அமைந்ததுண்டு. தஞ்சையில் 1892-இல் பிறந்த ஜே. சி. குமரப்பா இலண்டனில் கணக்காய்வு பயின்று பம்பாயில் நல்ல வருவாயோடு தொழில் நடத்தியவர். முப்பத்தைந்து வயதில் அமெரிக்கா சென்று மீண்டும் மாணவரானார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் செலிக்மனிடம் பொது நிதியியல் பயின்றபோது, ஆங்கில ஆட்சியின் நிதிக் கொள்கைக்கும் இந்திய வறுமைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். அந்த ஆய்வே அவரைப் புரட்டிப் போட்டது. 1929-இல் தாயகம் திரும்பிக் காந்தியடிகளைக் கண்டார். அடிகள் அவரை அலுவலகத்தில் அமர்த்தவில்லை. குஜராத்தில் மாதர் வட்டத்துச் சிற்றூர்களின் பொருளாதார நிலையைக் கணக்கெடுக்க அனுப்பினார். குஜராத் வித்யாபீடத்து மாணவர்கள் உடன் சென்றார்கள். ஏர் எத்தனை, மாடு எத்தனை, கடன் எவ்வளவு, வரி எவ்வளவு என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினார்கள். கணக்கரின் பயிற்சி உழவனின் வாசலில் பயன்பட்டது. பின்னர் 1934-இல் தோன்றிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை நடத்தியவரும் அவரே. இறுதி ஆண்டுகளை மதுரை மாவட்டத்துக் கல்லுப்பட்டியில் கழித்தார்.

படிப்பு அவரைச் சிற்றூருக்கு அருகில் கொண்டுவந்தது என்பதை நண்பர்கள் கவனிக்க வேண்டும். நான் கண்ட பெரும்பாலோருக்கு நேர்மாறாக நடந்திருக்கிறது. பட்டம் பெற்றவுடன் திட்ட ஒருங்கிணைப்பாளர் என்ற பதவி வரும். மிதிவண்டி போய் மேசை வரும். குப்பத்துப் பெண்களின் பெயர்கள் மறந்து அறிக்கையின் பத்திகள் நினைவில் நிற்கும்.

எதிர்த் தரப்பும் உண்டு. இராஜஸ்தானத்துத் திலோனியாவில் 1972-இல் பங்கர் ராய் தொடங்கிய நிறுவனம் பட்டத்தையே பொருட்படுத்துவதில்லை. எழுத்தறியாப் பாட்டிமார் அங்கே சூரிய விளக்கு அமைக்கக் கற்றுத் திரும்புகிறார்கள். ஆனால் இதை நிறுவியவர் தில்லியில் ஆங்கில இலக்கியத்தில் முதுகலை முடித்தவர்! பட்டம் வேண்டாம் என்று சொல்வதற்கும் ஒரு பட்டம் உதவுகிறது போலும்.

நம் மண்ணிலேயே ஒரு சான்று இருக்கிறது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் வில்லியனூரை நடுவமாகக் கொண்டு நம் சிற்றூர்களில் தகவல் நிலையங்களை அமைத்தது. நிறுவனர் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்ற அறிவியலாளர். நிலையங்களை நடத்தியவர்களோ பள்ளிப் படிப்போடு நின்ற உள்ளூர்க்காரர்கள், அவர்களில் பலர் பெண்கள். அலை உயரம் பற்றிய முன்னறிவிப்பைக் கணினியில் பெற்று, மீனவர் புரிந்துகொள்ளும் சொற்களில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரிலிருந்து நல்லவாடு இளைஞர் ஒருவர் தொலைபேசியில் எச்சரித்தபோது, ஊராரை வெளியேற்றியது அந்த ஒலிபெருக்கியே. படித்தவர் இல்லாமல் அந்தக் கருவி வந்திராது. ஊரார் நம்பும் குரல் இல்லாமல் யாரும் ஓடியிருக்க மாட்டார்கள்.

நம் கவிஞரின் நிலைக்கு வருகிறேன். அவர் முதலில் சொன்ன காரணம் ஊதியம். அதைச் சொல்ல அவர் கூசினார். கூச வேண்டியதில்லை. பெண்களின் வாழ்வாதாரம் பற்றிக் கருத்தரங்கு நடத்தும் நிறுவனங்கள் தம் களப்பணிப் பெண்ணுக்கு என்ன கொடுக்கின்றன என்று யாரும் கேட்பதில்லை. தொண்டு என்ற சொல்லின் பின்னால் குறைந்த கூலி ஒளிந்துகொள்வதை நான் நெடுங்காலம் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒன்றைக் கணக்கில் கொள்ள வேண்டும். அயல்நாட்டு நிதிச் சட்டம் 2020-இல் திருத்தப்பட்டபோது நிர்வாகச் செலவின் உச்ச வரம்பு ஐம்பது விழுக்காட்டிலிருந்து இருபதாகக் குறைந்தது. அந்நிதியை நம்பிய நிறுவனங்களில் அலுவலகப் பதவிகளுக்கு இடம் சுருங்கிவிட்டது. பட்டம் பெற்றால் மேசை காத்திருக்கும் என்ற பழைய நம்பிக்கை இன்று அவ்வளவு உறுதியானதன்று.

இரண்டாவதாக அவர் சொன்னதுதான் என்னை அசைத்தது. "ஐயா, ஒரு குழுவில் கடன் ஒழுங்காகத் திரும்புகிறது, பக்கத்துத் தெருக் குழுவில் உடைந்துபோகிறது. ஏன் என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் அதிகாரிகள் நம்பும்படி சொல்லத் தெரியவில்லை" என்றார். இது படிக்க வேண்டியவரின் பேச்சு. ஆய்வு முறையும் கணக்கும் சட்டமும் அவருக்கு வகுப்பறையில் கிடைக்கும். வெறுங்கையோடு வகுப்பில் நுழையும் இருபத்தொரு வயதுப் பிள்ளைக்கு அதே பாடம் தேர்வோடு முடியும்.

ஆகவே படிக்கச் சொன்னேன். ஆனால் கட்டணத்தையும் இரண்டாண்டு ஊதிய இழப்பையும் மட்டும் கூட்டிப் பார்த்தால் கணக்கு நிறைவுபெறாது. அவர் இல்லாத இரண்டாண்டில் அந்தக் குழுக்களோடு உட்காரப்போவது யார்? இதற்கு விடை கிடைக்காவிட்டால், திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பணியில் இருந்தபடியே முதுகலை படிக்கலாம். இரவுகள் போகும், கவிதையும் சிறிது காலம் போகும். நேரில் சென்று படிப்பதாயின், விடுப்பையும் திரும்பும் பதவியையும் நிறுவனத்திடம் எழுத்தில் பெற வேண்டும். வாய்ச்சொல் போதாது.

இவற்றை அவரிடம் சொல்லியிருக்கிறேன். குழுப் பெண்களிடமும் கேட்டுவிட்டு முடிவு செய்வதாகச் சொன்னார். அவர்களில் மூவர் இன்று இந்த அவையில் பின்வரிசையில் இருக்கிறார்கள். என் உரையை நிறுத்திக்கொள்கிறேன். அவர்கள் பேச விரும்பினால் ஒலிபெருக்கியை அவர்களிடம் தர அவைத்தலைவர் இசைய வேண்டும்.