பிறப்பால் வராத பரம்பரை



நம் தோழரின் நினைவு நாளில் குத்துச்சண்டையைப் பற்றி என்ன பேச்சு என்று சிலருக்குத் தோன்றலாம். சேரியில் ஒரு படிப்பகம் திறந்தால் அதன் பக்கத்திலேயே ஒரு விளையாட்டுத் திடலும் வேண்டும் என்று கடைசிவரை வாதாடியவர் அவர். அந்த வாதத்தின் தொடர்ச்சிதான் இந்த உரை. நம் வாசிப்பு வட்டத்திலிருந்து நான்கு ஆண்களும் இரண்டு பெண்களுமாக ஆறு பேர் வடசென்னையில் ஒரு குத்துச்சண்டைப் பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தோம். எங்களில் ஒருவரும் அதற்கு முன் கிளவுஸ் மாட்டியவர்கள் அல்ல. பதக்கம் வாங்கும் வயதும் எங்களுக்கு இல்லை. புதிதாகச் சேர்ந்தவருக்கு அங்கே என்ன கற்றுத் தரப்படுகிறது, அதில் சாதி ஒழிப்பு இயக்கத்துக்கு என்ன இருக்கிறது என்பதை மட்டும் இங்கே பேச விரும்புகிறோம்.

முதலில் ஒரு சொல். பரம்பரை. இந்தச் சொல்லைக் கேட்டால் நமக்கு உடம்பு கூசும். பரம்பரைத் தொழில், பரம்பரைச் சொத்து, பரம்பரைப் பெருமை என எல்லாமே பிறப்பில் தொடங்கிப் பிறப்பில் முடிபவை. நம்மை வெளியே நிறுத்த உண்டாக்கிய சொற்கள். ஆனால் வடசென்னையின் குத்துச்சண்டைக்காரர்கள் இதே சொல்லை வேறு பொருளில் வைத்திருந்தார்கள். சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்பவை ஆட்டமுறையை வாத்தியாரிடமிருந்து மாணவர் பெற்று அடுத்தவருக்குக் கொடுத்த அணிகள். 2021-இல் இயக்குநர் பா. இரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' படம் வந்த பிறகு உலகமே இந்தப் பெயரை அறிந்துகொண்டது. அங்கே பரம்பரையில் சேர்வதற்குப் பயிற்சிதான் வழி. வாத்தியார் ஒருவனை மாணவனாக ஏற்றுக்கொண்டால் அவன் அந்தப் பரம்பரைக்காரன்.

இதை நாம் அளவுக்கு மீறிப் புகழவும் வேண்டாம். அந்த அணிகளில் ஒன்றின் பெயரிலேயே சாதிப் பட்டம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. யாரை மேடையேற்றுவது என்ற கேள்வியில் சாதி எப்படிப் புகுந்துகொள்ளும் என்பதையும் அந்தப் படம் காட்டியது. ஆனாலும் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரும், கடலுக்குப் போனவரும், ஆலையில் வேலை செய்தவரும் உழைத்துச் சம்பாதித்த ஒரு வம்சாவளி அங்கே இருந்தது. பிறப்பால் வராத பரம்பரை ஒன்று சாத்தியம் என்பதற்கு அது சான்று.

இனி, புதியவருக்கு நடப்பதைச் சொல்கிறோம். முதல் நாள் கிளவுஸ் தர மாட்டார்கள். ஸ்கிப்பிங் கயிற்றைத் தருவார்கள். மூன்று நிமிடம் குதிக்க வேண்டும், ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடியும் மூன்று நிமிடம். மூன்று நிமிடம் எவ்வளவு நீளமானது என்பது அன்றைக்குத்தான் தெரியும். அடுத்து, கையில் துணி சுற்றக் கற்றுத் தருவார்கள். நான்கரை மீட்டர் நீளப் பட்டைத் துணி. மணிக்கட்டில் தொடங்கி, விரல் முட்டிகளை மூடி, விரல் இடுக்குகளில் நுழைத்து, மறுபடி மணிக்கட்டில் முடிய வேண்டும். அடிக்கும் கைதான் முதலில் உடையும் என்பதால் இந்த ஏற்பாடு. இரண்டாம் வாரமும் யாரையும் குத்த விடமாட்டார்கள். எங்களோடு சேர்ந்த இளைஞர் ஒருவர் பொறுமை இழந்து, எப்போது குத்த விடுவீர்கள் என்று கேட்டார். "மொதல்ல நிக்கக் கத்துக்கப்பா, குத்து தானா வரும்" என்றார் வாத்தியார்.

நிற்பதற்கு ஒரு முறை இருக்கிறது. வலக்கைக்காரராக இருந்தால் இடது கால் முன்னே. வலது குதிகால் தரையைத் தொட்டும் தொடாமலும். முழங்கால் லேசாக மடங்கி, முழங்கைகள் விலாவை ஒட்டி, கைகள் கன்னத்தருகே, தாடை கீழே. தாடையை இறக்கச் சொன்னதும் எங்களில் சிலருக்கு உள்ளே ஏதோ தடுத்தது. தலைகுனிந்து நிற்பது நம் தாத்தா, பாட்டிகள் மீது சுமத்தப்பட்ட நிலை அல்லவா? தோள்துண்டை இடுப்பில் கட்டி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பார்வையைத் தரையில் வைத்துத் தெருவைக் கடந்தவர்கள் அவர்கள். ஆனால் இங்கே தாடை கீழே இருக்கும்போது கண்கள் மேலே இருக்க வேண்டும். எதிரே நிற்பவரை விட்டுப் பார்வையை எடுத்தால் அடி விழும். அந்தப் பழைய குனிவு கண்ணையும் சேர்த்துத் தாழ்த்தச் சொன்னது. இங்கே தாடையை இறக்குவது கண்ணை உயர்த்திக்கொள்வதற்காக.

அடுத்தது தொடுதல். பயிற்சிக்கூடத்தில் எல்லோரிடமும் சொந்தக் கிளவுஸ் இருப்பதில்லை. ஒருவர் கழற்றியதை அடுத்தவர் மாட்டிக்கொள்கிறார். உள்ளே முன்னவரின் வியர்வை ஈரம் அப்படியே இருக்கிறது. ஸ்பாரிங் முடிந்ததும் இருவரும் கட்டித் தழுவிக்கொள்கிறார்கள். விளையாட்டு என்றாலே சமத்துவம்தான் என்று யாராவது சொன்னால் பல்வங்கர் பாலுவை நினைத்துக்கொள்ளுங்கள். 1911-இல் இங்கிலாந்துக்குப் போன இந்தியக் கிரிக்கெட் அணியில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்திய தலித் பந்துவீச்சாளர். அதற்கு முன் பூனாவில் விளையாடிய நாட்களில், அவர் வீசிய பந்தைத் தொட்ட சக ஆட்டக்காரர்கள், அவருக்குத் தேநீரை அரங்குக்கு வெளியே தனிக் குவளையில் கொடுத்தார்கள். பந்து நடுவில் இருந்ததால் அவர்கள் தொடாமலேயே அவரோடு விளையாட முடிந்தது. குத்துச்சண்டையில் நடுவில் எதுவும் இல்லை. தொடாமல் இந்த ஆட்டத்தை ஆடவே முடியாது.

மூன்றாவது, விதி. இன்றைய குத்துச்சண்டையின் அடிப்படை 1867-இல் இங்கிலாந்தில் வெளியான குவீன்ஸ்பெரி விதிகள். கையுறை, மூன்று நிமிடச் சுற்று, ஒரு நிமிட ஓய்வு, விழுந்தவருக்குப் பத்து எண்ணும் வரை அவகாசம் என்பவை அதில் வந்தவை. எடைப்பிரிவும் சேர்ந்து, ஏறக்குறைய ஒரே எடையுள்ள இருவர், இருவரின் சம்மதத்தோடு, நடுவர் முன்னிலையில் மோதுகிறார்கள். விழுந்தவரை அடிக்கக் கூடாது. மணி அடித்தால் கை இறங்க வேண்டும். இப்போது ஒரு வன்கொடுமையை நினைத்துப் பாருங்கள். ஒருவரைச் சுற்றிப் பலர். சம்மதம் இல்லை, நடுவர் இல்லை, மணி இல்லை. விழுந்த பிறகுதான் அதிகம் அடிக்கிறார்கள். குத்துச்சண்டை கற்றால் அந்தக் கும்பலைத் தடுத்துவிடலாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அதற்கு 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வேண்டும், அதை நடைமுறைப்படுத்த வைக்கும் இயக்கம் வேண்டும். அந்த மேடையில் நின்று பழகியவருக்கு நியாயமான மோதல் எப்படி இருக்கும் என்பது உடம்பிலேயே பதிந்துவிடுகிறது. சாதியச் சமூகம் தன் வன்முறையைச் 'சண்டை', 'இரு தரப்பு மோதல்' என்று பெயரிட்டு அழைக்கும்போது, அது பொய் என்று சட்டென்று பிடிபடுகிறது.

ஆனால் அந்த நியாயம் கயிறுகளுக்கு வெளியே வருவதில்லை. 1908-இல் சிட்னியில் டாமி பர்ன்ஸை வென்று முதல் கறுப்பின ஹெவிவெயிட் உலக வாகையரானார் ஜாக் ஜான்சன். 1910 ஜூலை 4 அன்று ரீனோ நகரில் வெள்ளையரின் நம்பிக்கையாக இறக்கிவிடப்பட்ட ஜெஃப்ரீஸையும் வீழ்த்தினார். அதற்குப் பழியாக அமெரிக்க நகரங்கள் பலவற்றில் கறுப்பின மக்கள் தாக்கப்பட்டார்கள், கொல்லப்பட்டார்கள். முகமது அலி 12 வயதில், திருடுபோன தன் சைக்கிளுக்காகக் கோபப்பட்டுப் பயிற்சிக்கூடத்தில் நுழைந்த புதியவர். வியட்நாம் போருக்குப் போக மறுத்ததற்காக 1967-இல் அவருடைய பட்டம் பறிக்கப்பட்டது. அவர் 1980-இல் சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடியபோது, அவருடைய குத்துக்காக மட்டும் இந்த ஊர் அவரைக் கொண்டாடியிருக்காது. மேடைக்கு வெளியே அவர் எடுத்த நிலைப்பாட்டுக்கும் அதில் பங்கு உண்டு.

இதில் உள்ள ஆபத்துகளையும் மறைக்காமல் பேச வேண்டும். 'உங்க ஆளுங்களுக்கு உடம்பு வலு ஜாஸ்தி' என்று பாராட்டுபவர் பக்கத்திலேயே 'மூளை வேலை நமக்கு' என்பதையும் வைத்திருப்பார். குத்துச்சண்டையை நம் இரத்தத்தின் குணமாக நாமே பேசினால் அந்தப் பொறியில் நாமே விழுவோம். அடுத்தது, பயிற்சி பெற்ற இளைஞனை அடியாளாகக் கேட்டு வரும் ஆட்கள். படத்தில் கபிலனின் அம்மா பாக்கியம் மகனைக் குத்துச்சண்டைப் பக்கமே போகவிடாமல் அடித்து இழுப்பதை நினைத்துப் பாருங்கள். கணவரை அந்த வழியில் இழந்தவரின் பயம் அது. நம் தெருக்களில் இந்தப் பயத்தோடு வாழும் அம்மாக்கள் உண்டு. மூன்றாவது, தலை. மண்டையில் திரும்பத் திரும்ப விழும் அடி மூளையைக் கெடுக்கும். பல் கவசமும், மருத்துவரும், போதுமென்றால் நிறுத்தும் வாத்தியாரும் இல்லாத கூடத்தில் நம் பிள்ளைகளை விடக் கூடாது.

எங்களோடு சேர்ந்த இரண்டு பெண் தோழர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டை சேர்க்கப்பட்டதே 2012 லண்டன் போட்டியில்தான். அதில் மேரி கோம் வெண்கலம் வென்றார். எங்கள் தோழர்களுக்குக் கடினமாக இருந்தது பயிற்சி அல்ல. உடை மாற்ற ஒரு கதவுள்ள அறை இல்லை, கழிப்பறை இல்லை. மாலை ஏழு மணிக்கு வியர்வையோடு வீடு திரும்பினால் தெரு கேட்கும் கேள்விகள் வேறு. ஆண்களுக்கு ஸ்டான்ஸ் கற்க இரண்டு வாரம் போதுமாக இருந்தது. இவர்கள் வாசலைத் தாண்டவே அதைவிட அதிக நாள் போராட வேண்டியிருந்தது. இருவரும் இன்னும் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே நம் கோரிக்கைகள் எளியவை. ஆதிதிராவிடர் விடுதிகளிலும் நம் குடியிருப்புகளிலும் கூரையுள்ள பயிற்சிக்கூடம் வேண்டும். பெண்களுக்குக் கழிப்பறையும் உடை மாற்றும் அறையும் வேண்டும். ஊதியம் பெறும் பயிற்றுநர் வேண்டும். பல் கவசமும் மருத்துவப் பரிசோதனையும் இலவசமாக வேண்டும். அந்தக் கூடத்தின் சுவரை ஒட்டியே ஒரு படிப்பகம் வேண்டும். குத்தக் கற்றவர் படிக்கவும், படிப்பவர் நிமிர்ந்து நிற்கவும் அது வழி செய்யும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. போய்ச் சேருங்கள். தண்ணீர்ப் பாட்டிலும் ஒரு துண்டும் போதும், மற்றதைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். முதல் மாதம் யாரையும் அடிக்க மாட்டீர்கள். மூச்சு வாங்கும், கெண்டைக்கால் கனக்கும், உங்களைவிடப் பத்து வயது சின்னப் பெண் உங்களுக்குக் கால் நகர்த்தச் சொல்லித் தருவாள். கற்றுக்கொள்ளுங்கள். ஓர் ஆண்டு கழித்துப் புதிதாக ஒருவர் வருவார். அவர் கையில் துணி சுற்றிவிடுங்கள். எந்தத் தெரு, எந்த ஊர் என்று கேட்காமல் சுற்றிவிடுங்கள். நாம் உண்டாக்க வேண்டிய பரம்பரை அப்படித்தான் தொடரும்.

ஜெய்பீம்.