படிப்பறியாத தாயும் பாடம் சொல்லலாம்



வெள்ளி விழாக் காணும் இச்சங்கத்தில் கல்வி குறித்துப் பேசுமாறு பணிக்கப்பட்டோம். கல்லூரி பற்றியும் உதவித்தொகை பற்றியும் பேசவல்லார் பலர் இம்மேடையில் உள்ளனர். ஆதலின் நாம் ஐந்தாறு வயதுக் குழந்தையையும் அதன் வீட்டையும் பற்றி மட்டுமே பேச விழைகிறோம்.

மண்ணூர்பேட்டை வீடுகள் நமக்குப் புதியன அல்ல. 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தோன்றிய நாள்தொட்டு இங்குள்ள பல குடும்பங்களின் பொழுதை ஷிப்டு மணியே வகுத்து வருகிறது. தந்தை இரவு வேலை முடித்துப் பகலில் உறங்குவார். தாய் வேலைக்குச் சென்று திரும்பி மாலையில் அடுப்பைப் பற்றவைப்பார். இருப்பது ஓர் அறை. அதிலேதான் தொலைக்காட்சியும் பாட்டியின் பாயும். "பிள்ளைக்கு ஏதேனும் சொல்லிக் கொடுங்கள் அம்மா" என்றால், "நான் என்ன சார் படித்தேன்? டியூஷனில் சேர்த்துவிட்டேன்" என்று தலைகுனிந்து விடை சொல்கிறார்கள். அந்தத் தலைகுனிவுதான் நம்மை வருத்துகிறது. எழுத்தை நம் முன்னோர்க்கு மறுத்தவர்கள் நாண வேண்டியதற்கு நம் தாய்மார்கள் நாணுவதா?

அண்ணல் அம்பேத்கரின் இளமையை எண்ணிப் பாருங்கள். பள்ளியில் வீட்டிலிருந்து கொண்டுசென்ற கோணியில் தனியே அமர்த்தப்பட்ட சிறுவர் அவர். பின்னர் பம்பாய்ப் பரேல் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பின் ஒற்றை அறையில் குடும்பமே வாழ்ந்தது. பகலில் அங்கே படிக்க இடமேது? மகனை முன்னிரவிலேயே உறங்கச் செய்து, தாம் இரண்டு மணிவரை விழித்திருந்து, அவரை எழுப்பிப் படிக்க வைத்த பின்னரே தந்தை இராம்ஜி கண்ணயர்வார். 1907இல் அவர் மெட்ரிகுலேஷன் தேறியதில் அந்த விழிப்புக்கும் பங்குண்டு. சாவித்திரிபாய் புலேயும் வீட்டில் கணவர் ஜோதிராவிடம் எழுத்தறிந்தவரே. 1848இல் புனேயில் பெண்களுக்கான பள்ளியில் ஆசிரியையானார்.

இவ்வாறு சொல்வதால், வசதி படைத்தோர் சிலர் செய்வதுபோல் பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாது வீட்டில் வைத்துக் கற்பிக்கலாம் என்று எவரும் கொள்ளற்க. சென்னை ஊரூரில் 1894இல் ஆல்காட் நம் பிள்ளைகளுக்கென்று தனிப்பள்ளி திறக்க வேண்டியிருந்த காலத்தை மறந்தோமா? போராடிப் பெற்ற வாயிலை நாமே அடைத்துக்கொள்ளலாகாது. பள்ளி வேண்டும், பள்ளிக்கு வெளியே உள்ள பொழுதும் வேண்டும் என்பதே நம் வழக்கு.

அப்பொழுதின் அருமையைப் பெருந்தொற்றுக் காலம் காட்டியது. 2020 மார்ச்சில் மூடப்பட்ட தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. கல்வித் தொலைக்காட்சி இருந்தது. கைப்பேசிப் பாடமும் இருந்தது. ஆனால் வீட்டில் ஒரே கைப்பேசி, அதுவும் தந்தையின் சட்டைப்பையில் வேலைக்குச் சென்றுவிட்டால் பிள்ளை என் செய்யும்? அரசு 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கித் தன்னார்வலர் வழியே மாலை வகுப்புகள் நடத்த நேர்ந்தது இந்த இழப்பை ஈடுசெய்யவே.

சரி, எழுத்தறியாத தாய் எதைச் சொல்லிக் கொடுப்பது? காய் நறுக்கும்போதே கேளுங்கள்: "இன்று டீச்சர் என்ன சொன்னார்கள்? எனக்குச் சொல்." பிள்ளை ஆசிரியராகும், சொல்லச் சொல்லப் பாடம் அதன் நெஞ்சில் பதியும். தாய்க்கு விடை தெரிந்திருக்க வேண்டிய தேவையே இல்லை. புளியங்கொட்டை ஒரு பிடி போதும், கூட்டலும் கழித்தலும் வந்துவிடும். சமையல் எரிவாயு உருளையில் 14.2 கிலோ என்று எழுதியிருப்பதைக் காட்டி, அந்தப் புள்ளி எதற்கு என்று ஆசிரியரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். மின்கட்டண அட்டையும் பேருந்தின் பெயர்ப்பலகையும் வாசிப்புப் புத்தகங்களே. பாட்டி கதை சொல்லட்டும், விடுகதை போடட்டும். கதை கேட்டு வளர்ந்த பிள்ளையை முதல் வகுப்பிலேயே நாம் அடையாளம் கண்டுவிடுவோம்; ஒற்றைச் சொல்லில் விடை சொல்லாது, முழு வாக்கியமாகப் பேசும். (வீட்டுப் பேச்சைப் பேசியதற்காகப் பிள்ளையை நகைக்கும் ஆசிரியர் எவரேனும் இருப்பின், அவர்க்கும் இதைச் சொல்லி வைக்கிறோம்.) அடித்து மட்டும் படிக்க வைக்காதீர்கள். அடிக்கு அஞ்சும் பிள்ளை புத்தகத்துக்கும் அஞ்சும்.

இன்னொன்றைக் கடுமையாகவே சொல்வோம். மாலையில் பையன் புத்தகம் விரிக்கிறான். அவன் அக்காள் குடம் தூக்குகிறாள், தம்பியை இடுப்பில் சுமக்கிறாள். அவளும் நான்காம் வகுப்புத்தான். அந்த ஒரு மணி நேரம் குடத்தைத் தந்தை எடுத்தால் ஆகாதா? மகளுக்குப் படிப்பு வரவில்லை என்று பின்னால் சொல்பவர், அவளுக்கு எத்தனை மாலைகள் கொடுத்தோம் என்று முதலில் கணக்கிடட்டும்.

ஒற்றை அறையில் இடமில்லை என்பீர்கள், மெய்தான். நம் சங்கக் கட்டடத்தின் முன்னறை மாலை வேளைகளில் பூட்டியே கிடக்கிறது. அதில் இருபது பிள்ளைகள் தாராளமாக அமரலாம், விளக்கும் இருக்கிறது. கல்லூரியில் பயிலும் தம்பி தங்கையர் முறைவைத்து நாளுக்கு இருவராக வந்தால் போதும். பாடம் நடத்த வேண்டா, உடன் அமர்ந்து தம் புத்தகத்தைப் படித்தாலே சிறுவரும் படிப்பர். சாவி செயலாளர் அவர்களிடம் உள்ளது. விழா முடிந்ததும் பெயர் கொடுங்கள்; வரும் திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்கு நாமே வந்து திறக்கிறோம்.