வண்டி முந்தி, மெஷின் பிந்தி



மரம் கழிக்கிற தொழிலுக்கு என்ன வண்டி, என்ன மெஷின் வாங்கலாம்னு மூணு குழுக்காரங்க என்கிட்ட கேட்டிருந்தாங்க. தனித்தனியா சொல்றதுக்கு இங்கேயே சொல்லிடுறேன்.

2023 டிசம்பர் 17, 18 மழையை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தண்ணி வடிஞ்ச பிறகு வேம்பும் முருங்கையும் சாய்ஞ்சு கிடந்துச்சு. வெட்ட ஆள் கிடைச்சாங்க; வெட்டினதை அள்ளத்தான் ஆள் இல்லை. எங்க குழு அந்த வேலையைத்தான் பிடிச்சோம். ஏறி வெட்டக் கூலிக்கு ரெண்டு பேர். இழுக்கிறது, கட்டுறது, ஏத்துறது எல்லாம் நாங்க.

சின்ன யானை முக்கால் டன் தாங்கும். ஆனா வேப்பங்கிளையை ஏத்திப் பாருங்க, பாதி எடைகூட வராது, வண்டி நிறைஞ்சிரும். நாம சுமக்குறதுல பாதிக்கு மேல காத்துதான். கிளையை நின்ன இடத்திலேயே தூளாக்கினா பல நடை ஒரு நடையாகும். அதனாலதான் எல்லாருக்கும் சிப்பர் மேல ஆசை வருது.

ஆசைப்படுறதுக்கு முன்னாடி உங்க ஊர்ல என்ன மரம்னு பாருங்க. விளாத்திகுளம், புதூர் பக்கம் சீமைக்கருவேலம். அதுல மணிக்கட்டு தடிமன் உள்ளது வரைக்கும் கரிமூட்டத்துக்குக் காசாகும். காசைப் போய் யாராவது தூளாக்குவாங்களா? மிஞ்சுறது முள்ளுதான். ஸ்ரீவைகுண்டம், ஆத்தூர் பக்கம் தென்னை மட்டை. நார் போய் சுத்திக்கிட்டு சாதாரண சிப்பர் நின்னுரும். மட்டைக்குன்னே உள்ள மெஷின் வேணும். அந்தத் தூளை வாழைக்கு மூடாக்கு போடலாம். பனையை மட்டும் தொடாதீங்க. வெட்டுறதுக்குக் கலெக்டர் அனுமதி வேணும்னு 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவிச்சாச்சு. கடிதத்தைக் கண்ணால பார்க்காம வேலைக்குச் சம்மதிக்காதீங்க.

இன்னொண்ணு, கடைக்காரங்க இதைச் சொல்ல மாட்டாங்க. டிராக்டர் பின்னாடி மாட்டி, அதோட பி.டி.ஓ. தண்டில் ஓடுற சிப்பர் விலை குறைவு. ஆனா அது மாட்டியிருக்கும்போது அந்த டிராக்டர்ல டிரெய்லர் மாட்ட முடியாது. தூளை எதுல கொண்டுபோவீங்க? இன்னொரு வண்டி வேணும். சொந்த எஞ்சின் உள்ளது விலை கூடுதல், டிராக்டரை எதிர்பார்க்க வேண்டாம். துறைமுகத்து மேற்கே உள்ள சந்துகள்ல டிராக்டரே திரும்பாது, அங்கே லோடு ஆட்டோதான். தேரி மணல்ல லோடு ஆட்டோ புதையும், அங்கே டிராக்டர்தான்.

நம்ம கடற்கரையில மெஷினுக்கு ரெண்டு எதிரி. மணல் ஒட்டின கிளையைப் போட்டா கத்தி மழுங்கும்; உதறிட்டுப் போடணும். உப்புக்காத்து துரு ஏத்தும். சாயங்காலம் நல்ல தண்ணியில கழுவி, காயவெச்சு எண்ணெய் தடவணும். கத்தி கழட்டித் தீட்ட வருமா, மாத்துக் கத்தி இந்த ஊர்லயே கிடைக்குமான்னு கேட்டுட்டு வாங்குங்க.

அதைவிட முக்கியம் கை. தள்ளுவாய்க்கு மேல இழுத்தவுடனே நிறுத்துற கம்பி இருக்கணும். தண்டுக்கு மூடி இருக்கணும். இல்லாத மெஷின் ஓசியில கொடுத்தாலும் வேண்டாம். முந்தானை, துப்பட்டா, வளையல் எதுவும் கிட்ட வரக்கூடாது. நாங்க பேன்ட் சட்டையிலதான் நிக்கிறோம். முதல் வாரம் தெருவுல சிரிச்சாங்க. சிரிக்கட்டும்.

நாங்க வண்டியை மட்டும் வாங்கினோம், சிப்பரை இன்னும் வாடகைக்குத்தான் எடுக்கிறோம். மாசத்துல எத்தனை நாள் ஓடுதுன்னு நோட்டில் எழுதுறோம். வாடகை, தவணையைத் தாண்டுற மாசம் தொடர்ந்து வந்தா வாங்கலாம். பத்து பேர் கையெழுத்துப் போட்ட கடன். மெஷின் சும்மா நின்னாலும் தவணை நிக்காது. நிலம் வெச்சிருக்கிற பெண்கள் வேளாண்மைப் பொறியியல் துறையில கேளுங்க. பட்டியல்ல உள்ள இயந்திரத்துக்குப் பெண் விவசாயிகளுக்கு 50 சதவீதம் வரை மானியம் உண்டு. இன்சூரன்ஸ் எழுதும்போது விவசாய வேலைக்கா, வாடகை வேலைக்கான்னு பார்த்து எழுதச் சொல்லுங்க.

டிரைவர் கிடைக்கலைன்னு கவலைப்படாதீங்க. கார் லைசென்ஸ் உள்ளவங்க 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியும் ஓட்டலாம்னு 2024 நவம்பர்ல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. எங்க குழுவுல ஒருத்தி ஓட்டுறா, இன்னொருத்தி பழகுறா. டிரைவர் சம்பளம் மிச்சம். மெஷின் விலை விவரம் கேக்குறவங்க சாப்பாட்டு நேரத்துல வாங்க, நோட்டைக் கொண்டுவந்திருக்கேன்.