மேடில்லாத கரையில் ஒரு நடை



தூத்துக்குடியில் எவ்வளவு நடந்தாலும் மூச்சு வாங்காது. ஏற மேடு இல்லை. ஊருக்கு மேற்கே நிலம் தட்டை. கிழக்கே கடலும் சட்டென்று ஆழம் கொள்ளாமல் வெகுதூரம் சோம்பலாகவே இறங்குகிறது. இந்தக் கரையில் முத்து குளித்ததும், தோணி பெருகியதும், உப்பு விளைவதும், கார்த்திகை மார்கழியில் வீட்டு நடைக்குள் தண்ணீர் வந்து நிற்பதும் எல்லாம் இந்தத் தட்டை நிலத்தின் வேலைதான் என்பது என் எண்ணம். அதைக் காரில் போய்ப் பார்க்க முடியாது, நடந்தால்தான் தெரியும். ஓர் ஓடையைப் பிடித்துக்கொண்டு மேற்கிலிருந்து கிழக்கே கடல் வரைக்கும் போவோம். பிறகு கடலோரமாகத் தெற்கே திரும்பிக் கடைவீதிக்கு வருவோம். குடை எடுத்துக்கொள்ளுங்கள், வெயில் இங்கே இரக்கம் காட்டாது.

அந்த ஓடைக்குப் பக்கிள் ஓடை என்று பெயர். சுற்றுலாப் பயணிகளுக்குக் கொடுக்கும் படங்களில் மாதா கோயில் இருக்கும், துறைமுகம் இருக்கும், இந்த ஓடை இருக்காது. ஊரில் விழும் மழைத்தண்ணீர் வடிவதற்கான கால்வாய் இது. மூன்றாவது மைல் பக்கம் தொடங்கி, ஊரின் நடுவே வந்து, திரேஸ்புரத்தில் கடலில் சேர்கிறது. வீடுகள் எல்லாம் இதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. கொல்லைப்புறச் சுவர், துணி காயும் கொடி, சாக்கடை விழும் குழாய், நடுவில் ஒற்றைக்காலில் நிற்கும் வெள்ளைக் கொக்கு. மூக்கைப் பொத்த வேண்டிய இடங்கள் உண்டு, அதை மறைப்பானேன். ஆனாலும் ஒரு நகரத்தின் முன்வாசல் காட்டாததைக் கொல்லைப்புறம் காட்டும். எந்தத் தெரு தாழ்ந்தது, எந்தத் தெருவில் போன மழைக்குப் பிறகு வாசற்படியை உயர்த்திக் கட்டினார்கள் என்பதெல்லாம் இங்கே நடந்தால் கண்ணில் படும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த ஊர் மறக்காது. பக்கத்திலிருக்கும் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. இந்த மாவட்டத்துக்கு ஓராண்டில் கிடைக்கும் சராசரி மழையைவிட அது அதிகம். தாமிரபரணியின் வடகாலில் கடைசிக் குளமான கோரம்பள்ளம் குளம் உடைந்தது. தூத்துக்குடியின் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. நிலம் சாய்வாக இருந்தால் வெள்ளம் வந்த வேகத்தில் போய்விடும். இங்கே அதற்குப் போக மனமில்லை. கடலில் நீர்மட்டம் ஏறியிருக்கும் நேரமாகப் பார்த்து மழையும் சேர்ந்துவிட்டால் ஓடையின் வாய் அடைபட்டதுபோல் ஆகிவிடும். அதனால்தான் இந்த ஓடையைத் தூர்வாருவதும் கரை கட்டுவதும் ஊர்க்காரர்களுக்குத் தேர்தல் பேச்சு அல்ல, வீட்டுப் பேச்சு.

மழைக்காலத்தில் இவ்வளவு தண்ணீர் தேங்கும் ஊரில் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் இருந்தது என்றால் நம்புவீர்களா? ஊருக்குள் ஆறு கிடையாது, கிணறு தோண்டினால் உப்புக்கரிக்கும். நகராட்சித் தலைவராக இருந்த ராவ்பகதூர் குரூஸ் பர்னாந்து, 1927இல் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தார். ஊர் நடுவே அவருக்குச் சிலை இருக்கிறது. சாதி சமயம் பார்க்காமல் எல்லோரும் மாலை போடும் சிலைகள் நம் ஊர்களில் குறைவு. தண்ணீர் கொடுத்தவருக்கு அந்த மரியாதை கிடைத்திருக்கிறது.

ஓடை முடியும் இடத்தில் திரேஸ்புரம். இங்கே வாசனை மாறுகிறது. கருவாடும் டீசலும் ஈரக் கயிறும் சேர்ந்த வாடை. இது நாட்டுப்படகுக்காரர்களின் கரை. பெரிய விசைப்படகுகள் தெற்கே மீன்பிடித் துறைமுகத்தில் நிற்கும். சனிக்கிழமை இங்கே வந்தீர்களானால் கூட்டத்தில் தோள் இடிபடாமல் நடக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவார்கள், கடலுக்குப் போவதில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்குச் சனிக்கிழமையே மீன் வாங்கிவிட வேண்டும். அன்றைக்கு விலையும் கொஞ்சம் நிமிர்ந்துதான் நிற்கும்.

சீலா, பாறை, ஊளி, விளமீன், நகரை என்று மணலில் வரிசை வரிசையாகக் கிடக்கும். பெரிய மீன் ஏலத்துக்குப் போகும், சின்ன மீன் கூறு கட்டி விற்பார்கள்.

"என்ன அண்ணாச்சி, பாத்துக்கிட்டே நிக்கிய? இப்பந்தான் கரைக்கு வந்த மீனு. வெல கேட்டா காசா கேக்கப் போறேன்?" என்பார் கூறு போட்டு உட்கார்ந்திருக்கும் அக்கா.

"வெளியூருக்கா. சமைக்க இடமில்ல."

"அப்ப கருவாடு வாங்கிட்டுப் போங்க. ஊரு போய்ச் சேந்தாலும் எங்க நெனப்பு இருக்கும்!"

இருக்கும்தான், பெட்டிக்குள் இருக்கும் சட்டை எல்லாவற்றிலும். மாசிக் கருவாடும் இங்கே கிடைக்கும். தேங்காயோடு இடித்த மாசிச் சம்பலை ருசித்தவர்களுக்கு நான் மேலே சொல்லத் தேவையில்லை.

இந்தப் பக்கத்தில்தான் சங்கு குளிக்கிறவர்களும் இருக்கிறார்கள். மன்னார் வளைகுடாச் சங்குக்கு வங்காளம் பெரிய சந்தை. அங்கே மணமான பெண்கள் அணியும் சங்கு வளையல் நம் கரைச் சங்கில் அறுத்ததாக இருக்கலாம். முன்பு வெறும் மூச்சை அடக்கி மூழ்கினார்கள், இப்போது படகில் கம்ப்ரசர் வைத்துக் குழாய் வழியாகக் காற்று வாங்குகிறார்கள். வசதி கூடியது, ஆபத்து குறையவில்லை.

கரையில் நின்று கிழக்கே பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கடலடியில் பாறைப் படுகைகள் இருக்கின்றன. கடலோடிகள் அவற்றைப் 'பார்' என்பார்கள். தோலாயிரம் பார், நாகரைப் பார் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. கடல் தட்டையாக இறங்குவதால் கரையிலிருந்து நெடுந்தூரம் தள்ளியும், மனிதன் மூச்சடக்கித் தொடக்கூடிய ஆழத்திலேயே இந்தப் பார்கள் இருக்கின்றன. முத்துச்சிப்பி இங்கே குடியேறியது, மனிதன் அதைத் தேடிப் போனான். இவ்வளவுதான் இந்தக் கரையின் ஈராயிரம் ஆண்டுக் கதை.

முத்துக்குளிப்பை இப்படி நடத்தினார்கள். நள்ளிரவில் கரைக்காற்றைப் பிடித்துப் படகுகள் புறப்படும். பாருக்கு மேலே போய் விடியும்வரை காத்திருக்கும். குளிக்கிறவர் கயிற்றில் கட்டிய கல்லில் காலை வைத்துச் சர்ரென்று இறங்குவார். கிட்டத்தட்ட ஒரு நிமிடம். அதற்குள் கைக்கு அகப்பட்ட சிப்பிகளைக் கூடையில் வாரிக்கொண்டு கயிற்றை ஆட்டுவார். மேலே இருப்பவர் இழுப்பார். உடன்குளிக்கிறவர் இறங்குவார். சுறா பயம் போக்கக் 'கடல்கட்டி' என்றொருவர் மந்திரம் ஓதுவார். அவர் கட்டினார் என்ற நம்பிக்கை இல்லாமல் குளிக்க மறுத்தவர்கள் உண்டு, ஆகவே வெள்ளைக்கார அரசாங்கமே அவருக்குச் சம்பளம் கொடுத்தது. மதியத்துக்கு மேல் கடற்காற்று வரும், பாய் விரித்துக் கரை சேர்வார்கள். அரசாங்கத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு, குளித்தவர்களுக்கு ஒரு பங்கு. சிப்பியைத் திறக்காமலேயே ஆயிரக்கணக்கில் ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்குமோ இருக்காதோ, வாங்கியவர் தலையெழுத்து. சிப்பியை அழுக வைத்து, கழுவி, சல்லடைகளில் சலித்த பிறகுதான் யார் பணக்காரர், யார் கடன்காரர் என்று தெரியும். அந்த நாற்றத்தைப் பற்றி எழுதாத பயணி இல்லை.

பெரிய அளவில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961இல். அதற்குப் பிறகு பார்கள் அப்படி விளையவில்லை. 1973இல் இந்தக் கரையில், வேப்பலோடையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகள் சிப்பிக்குள் கருவை வைத்து வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டினார்கள். அது தொழிலாக ஊரெல்லாம் பரவவில்லை. இன்றைக்கு முத்துநகர் என்று பஸ்ஸிலும் ரயிலிலும் பெயர் இருக்கிறது, கடலில் முத்து இல்லை. இதைச் சொல்ல ஊர்க்காரர்கள் கூச்சப்படுவதில்லை. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் முத்துக்குப் பேர்போன கொற்கையும் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. கடல் பின்வாங்கி, இப்போது வயலுக்கு நடுவே ஒரு கிராமம். துறைமுகங்கள் இடம்பெயர்வதை இந்தக் கரை முன்பே பார்த்திருக்கிறது.

தெற்கே திரும்பினால் மட்டக்கடை, அப்புறம் பீச் ரோடு. பழைய துறைமுகத்தில் தோணிகள் நிற்கின்றன. பெரிய மர உடல், வயிறு பெருத்த வடிவம். பாய்மரத்தோடு எஞ்சினும் உண்டு. மாலத்தீவுக்கு வெங்காயம், காய்கறி, செங்கல், சிமெண்ட் என்று ஏற்றுகிறார்கள். தென்மேற்குக் காற்று வெறிபிடித்து அடிக்கும் மாதங்களில் தோணிகள் ஓய்ந்து நிற்கும். அப்போதுதான் பழுது பார்ப்பார்கள், பலகை மாற்றுவார்கள், இடுக்குகளில் பஞ்சு அடைப்பார்கள்.

தோணி இவ்வளவு பெருகியதற்குக் காரணம் மறுபடியும் அந்த ஆழமில்லாத கடல். அன்றைய நீராவிக் கப்பல்கள் கரைக்கு வர முடியாது. பல கிலோமீட்டர் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கையும் ஆளையும் தோணியிலும் படகிலும் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். சென்னையிலிருந்து கொழும்பு போகிறவர்கள் 1914இல் தனுஷ்கோடி வழி திறக்கும் வரை இங்கேதான் ரயிலை விட்டு இறங்கினார்கள். தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்கள் எத்தனை பேர் இந்தக் கரையை நம் நாட்டின் கடைசி மண்ணாகப் பார்த்திருப்பார்கள்! அந்தக் கொழும்பு வழியில்தான் வ.உ.சிதம்பரனார் 1906இல் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். காலியா, லாவோ என்ற கப்பல்கள் அடுத்த ஆண்டு வந்தன. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. சும்மா ஏறினால் போதும், குடையும் தருகிறோம் என்றதாகக்கூட இங்கே சொல்வார்கள். 1908இல் வ.உ.சி. முன்னின்று நடத்திய கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம், அதே ஆண்டு அவருக்குச் சிறை, சில ஆண்டுகளில் கம்பெனியும் கலைந்தது. பெரிய கப்பலைக் கரையருகே நிறுத்த வேண்டுமானால் கடலுக்குள் கிலோமீட்டர் கணக்கில் கற்சுவர் கட்ட வேண்டும் என்ற நிலையில், தெற்கே இரண்டு நீண்ட அலைதடுப்புச் சுவர்களோடு புதிய துறைமுகம் எழுந்தது, 1974இல் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. இப்போது அதற்கு வ.உ.சி.யின் பெயர். வெள்ளைக்காரன் கப்பலை எதிர்த்தவர் பெயரைச் சொல்லித்தான் இன்று எல்லா நாட்டுக் கப்பலும் உள்ளே வருகிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

பீச் ரோட்டில் பனிமய மாதா பேராலயம். இப்போதைய கட்டடம் 1713இல் எழுந்தது, 1982இல் பேராலயத் தகுதி கிடைத்தது. பதினாறாம் நூற்றாண்டில் பரதவர் கத்தோலிக்கம் தழுவியதிலிருந்து இந்தக் கரையின் நல்லது கெட்டது எல்லாம் இந்த மாதாவிடம்தான் சொல்லப்படுகிறது. கொஞ்ச தூரத்தில் டச்சுக்காரர் கால ஆலயமும் இருக்கிறது. ஊருக்குள்ளே சங்கர ராமேஸ்வரர் கோயிலும் பெருமாள் கோயிலும் அடுத்தடுத்து. கப்பல் வந்து போகிற ஊரில் தெய்வங்களுக்கும் பக்கத்து வீடுதான். தோணிக்காரர், வியாபாரி, மாதா எல்லோரையும் ஒரே கதையில் பார்க்க வேண்டுமானால் ஜோ டி குருஸ் எழுதிய 'கொற்கை' நாவலைப் படியுங்கள். 2013இல் அதற்குச் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது.

அடுத்து கிரேட் காட்டன் ரோடு. கரிசல் காட்டுப் பருத்தி பொதியாகி இந்த வழியாகத்தான் கடலுக்குப் போனது. அதைச் சுற்றியே கடைவீதி, மார்க்கெட். வாழைத்தார், உடன்குடி கருப்பட்டி, உப்பு, அரிவாள், நைலான் வலை, கொக்கி, தங்கம் எல்லாம் இங்கே நடந்து வாங்கிவிடலாம். மக்ரூன் வாங்காமல் திரும்பாதீர்கள். முந்திரிப்பருப்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை மட்டும். கூம்பாக, வெள்ளையாக இருக்கும். தேங்காய்த் துருவலைப் போட்டு அதே பெயரில் விற்பவற்றை இந்த ஊர்க்காரர்கள் மக்ரூன் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள், நானும் அவர்கள் கட்சி. காற்றுப் பட்டால் நமத்துவிடும், இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள்.

பொழுது சாய்ந்தபின் யாராவது உங்களை "நைட் கிளப்புக்குப் போவோமா" என்று கூப்பிட்டால் பதற வேண்டாம். பரோட்டாக் கடையைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறார்கள். பெரியவர்கள், குழந்தைகள் எல்லோரும் போகும் கிளப் அது. வாழை இலையில் பொரித்த பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றுவார்கள்.

உப்பளத்துக்கு மட்டும் நடை போதாது, பஸ் ஏற வேண்டும். வெயிலும் காற்றும் தட்டை நிலமும் இருந்தால் போதும், உப்பு விளையும். பனையோலை வேய்ந்த உப்புக் குவியல்கள் சாலையோரம் வரிசையாக நிற்கும். அந்த வெண்மை கண்ணைக் கூசவைக்கும், அதற்குள் நாள் முழுவதும் நின்று வாருகிறவர்களில் பெண்கள் நிறையப் பேர். அவர்கள் காலில் செருப்பு இருக்கிறதா என்று பாருங்கள், படம் எடுப்பதற்கு முன்னால். ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' இந்த அளங்களைப் பற்றியதுதான்.

சென்னையிலிருந்து முத்துநகர் எக்ஸ்பிரஸில் மாலையில் ஏறினால் காலையில் இறங்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அப்போது பெரிய மீன் குறையும், விலை ஏறும். ஜூலை 26இல் மாதா கோயில் கொடியேற்றம், ஆகஸ்ட் 5 வரை திருவிழா. தங்கத்தேர் எல்லா ஆண்டும் ஓடாது, விசாரித்துக்கொண்டு போங்கள். திருவிழாப் பார்க்க வேண்டுமென்றால் அந்த நாள்களில் போங்கள். ஊரைப் பார்க்க வேண்டுமென்றால் தையிலோ மாசியிலோ ஒரு சனிக்கிழமை போங்கள், பக்கிள் ஓடையிலிருந்து தொடங்குங்கள்.