கடிக்கிற நாய்க்கு எந்த வீடு?

(சாம்பல்தீவுக்கு வந்திருந்த தோட்டக் குடும்பங்களிடம் பேசியது)



2004 டிசம்பர் 26இல் இந்தக் கரையிலே கடல் ஏறினபோது ஆட்கள் முகாமுக்குப் போனார்கள், நாய்கள் தெருவிலே நின்றன. எசமானை இழந்த நாய் கை நீட்டினாலே உறுமும். அநேகமாக அது பயம், கெட்ட குணமில்லை.

2006 முதல் தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதை அரசாங்கம் நிறுத்தியது. நல்லதுதான். ஆனால் காப்பகத்திலே கிடக்கிற முரட்டு நாயை யார் எடுக்கிறது? குட்டியென்றால் ஆளுக்கு ஆள் கேட்பாங்க.

உங்க லயத்தை நினைச்சுப் பாருங்க. ஒட்டின காம்பராக்கள், ஒரே வாசல், ஓடித்திரியிற பிள்ளைகள். அங்கே அந்த நாய் சரிவராது, ஒளிக்காமல் சொல்றேன். வேலி போட்ட தனி வளவு, சின்னப் பிள்ளையில்லாத வீடு, நாய் வளர்த்துப் பழகின பொறுமையான ஆள், இவ்வளவும் வேணும்.

கொடுக்கிறவர் எதையும் மறைக்கக் கூடாது. யாரைக் கடித்தது, சோற்றுக்குக் கிட்டப் போனபோதா, சங்கிலியைத் தொட்டபோதா, எல்லாம் சொல்லணும். "சாதுவான நாய்" என்று தள்ளிவிட்டால் கடிபடுவது ஒரு பிள்ளைதான். எடுக்கிறவர் இரண்டு மூன்று தடவை வந்து பழகட்டும். தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்கட்டும். முதல் கிழமைகளில் அடி வேண்டாம், விருந்தாளிக் கூட்டமும் வேண்டாம். நாள் முழுக்கக் கட்டிப்போட்டால் முரட்டுத்தனம் கூடும்.

எந்த நாய் கடித்தாலும் மஞ்சள், சுண்ணாம்பு பூசாதீங்க. சவர்க்காரம் போட்டு, ஓடுற தண்ணியிலே 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க.