மூன்றாம் முறை எழுதலாமா?

(திண்டிவனத்தில் கல்லூரி மாணவர்களுடன் நடந்த ஒரு மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



நீட் தேர்வு ஏன் கூடாது என்று பேசத்தான் என்னை அழைத்தீர்கள். அதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்களில் பாதிப் பேர் என்னைவிட நன்றாகவே பேசுவீர்கள். அதனால் இன்று வேறு ஒன்றைப் பேசிவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறேன்.

2025 ஜூன் மாதம் நீட் முடிவு வந்த அன்று சாயங்காலம் என் அக்கா போன் செய்தாள். "இந்த வாட்டியும் வரலடி. மறுபடியும் எழுதறேங்கறா. நர்சிங் சேத்து விடட்டுமா, இல்ல இவ சொல்றத கேக்கட்டுமா? நீதாண்டி படிச்சவ, நீயே சொல்லு" என்றாள். நான் உயர்கல்விச் சேர்க்கை குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவள். நீட் பற்றிக் கருத்தரங்குகளில் கட்டுரை வாசித்திருக்கிறேன், ஆர்ப்பாட்டங்களில் தொண்டை கட்டும்வரை கத்தியிருக்கிறேன். அக்கா கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அக்கா மகள் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள். பன்னிரண்டாம் வகுப்பில் 600க்கு 538. நீட்டில் முதல் முறை 162, இரண்டாம் முறை 291. 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டிலும் அது போதவில்லை. அக்கா சித்தாள் வேலைக்குப் போகிறாள். மாமா நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறார். இதுதான் வீடு.

இந்த 'மறுபடி எழுதுவது' என்பதை நான் முதன்முதலில் கேள்விப்பட்டது ஆறாம் வகுப்பு படிக்கும்போது. எங்கள் ஊரில் உரக்கடை வைத்திருந்தவர் வீட்டு அண்ணன், ஊர்த்தெருவில் இருப்பவர், பிளஸ் டூ பாஸ் செய்துவிட்டு மறுபடி அதே பிளஸ் டூவை எழுத நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளிக்குப் போனார். அதற்கு இம்ப்ரூவ்மெண்ட் என்று பெயர். என் அம்மாவுக்குக் கடைசிவரை அது விளங்கவே இல்லை. "பாஸ் பண்ணிட்டு ஏண்டி திரும்ப எழுதறான்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எங்கள் காலனியில் மறுபடி எழுதினால் அவன் பெயில் ஆனவன், அவ்வளவுதான். டுடோரியலுக்குப் போகிற பையனைப் பார்த்து நாங்களே சிரிப்போம்.

மருத்துவம், பொறியியல் இடங்களுக்காக அப்படி எழுதும் முறை இங்கே இருந்தது. காசும் ஒரு வருஷமும் இருந்தால் மதிப்பெண்ணை ஏற்றிக்கொள்ளலாம். 2005-இல் தமிழக அரசு நுழைவுத் தேர்வையும் இம்ப்ரூவ்மெண்ட் முறையையும் சேர்த்தே ரத்து செய்து ஆணை போட்டது. நுழைவுத் தேர்வு ரத்தை நாம் எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறோம், கூட்டந்தோறும் பேசுகிறோம். இம்ப்ரூவ்மெண்ட் ரத்தை யாரும் பேசுவதில்லை. வழக்கு, தீர்ப்பு, மறுபடி சட்டம் என்று இழுத்து, கடைசியில் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக 2007 சேர்க்கையிலிருந்து நுழைவுத் தேர்வு ஒழிந்தது.

நான் பிளஸ் டூ முடித்தது 2011-இல். உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது என்று 200க்குக் கட் ஆஃப் போடுவார்கள். எனக்கு 181. கிடைக்கவில்லை. இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்திருந்தேன். பிறகு அரசுக் கல்லூரியில் விலங்கியல் சேர்ந்தேன். இன்றைக்கு நினைத்துப் பார்த்தால் ஒன்று தோன்றுகிறது. அன்று யாரும் என்னிடம் "இன்னும் ஒரு வருஷம் உழைச்சிருந்தா டாக்டர் ஆயிருப்ப" என்று சொல்லவில்லை. சொல்ல வழியில்லை. அந்தக் கதவு எனக்கும் மூடியிருந்தது, உரக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும் மூடியிருந்தது. இழந்தேன் என்ற வருத்தம் இருந்தது. நான் பாதியில் விட்டுவிட்டேன் என்ற குற்றவுணர்ச்சி இல்லை.

என் அக்கா மகளுக்கு அந்தக் குற்றவுணர்ச்சி இருக்கிறது. நீட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். 2022-இல் வயது உச்சவரம்பையும் எடுத்துவிட்டார்கள். பார்ப்பதற்குத் தாராளமான ஏற்பாடுதான். ஆனால் எப்போது வேண்டுமானாலும் எழுதலாம் என்றால், எப்போது நிறுத்தினாலும் அது உன் குற்றம் என்றும் ஆகிவிடுகிறது. நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-இல் கொடுத்த அறிக்கையைப் படியுங்கள். நீட் வருவதற்கு முந்தைய 2016-17-இல் இங்கே எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் ரிப்பீட்டர்கள் 12.47 சதவீதம். 2020-21-இல் 71.42 சதவீதம். பத்து இடத்தில் ஏழு இடம், பள்ளியை முடித்த பிறகு மேலும் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ செலவழிக்க முடிந்தவர்களுக்கு. அதே காலத்தில் தமிழ்வழி மாணவர்கள் 14.88 சதவீதத்திலிருந்து 1.99-க்கு இறங்கினார்கள். ஒழித்துக்கட்டிய இம்ப்ரூவ்மெண்ட், வாசல் வழியாக ராஜ மரியாதையோடு திரும்பி வந்திருக்கிறது.

ஆனால் ரிப்பீட்டர் எல்லோரும் பணக்காரர் என்று நான் சொல்லமாட்டேன். 7.5 ஒதுக்கீட்டில் போகிற நம் பிள்ளைகளிலும் இரண்டாம் முறை, மூன்றாம் முறை எழுதியவர்கள் இருக்கிறார்கள். தேர்வு சமயத்தில் அப்பா செத்துப்போன பிள்ளை, டைபாய்டில் படுத்த பிள்ளை, இவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு வேண்டும்தானே? எனக்கும் 2011-இல் அது இருந்திருந்தால் எழுதியிருப்பேன். இன்னொன்றும் இருக்கிறது. 2018-இல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்குப் போனது. 196 மதிப்பெண் கொடுக்கச் சொல்லி மதுரைக் கிளை உத்தரவிட்டது. உச்சநீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. மொழிபெயர்ப்பில் குழப்பம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பது விதி. தமிழில் எழுதிய பிள்ளைக்கு அந்த விதியால் என்ன பயன்? கேள்வி கேட்டவர்கள் செய்த தப்புக்கும் பிள்ளைகள்தான் மறுபடி உட்கார்ந்து எழுத வேண்டியிருந்தது.

சரி, வீட்டுக்கு வருகிறேன். அந்த வருஷம் என்பது எப்படிப்பட்ட வருஷம் என்று யாராவது எழுதியிருக்கிறார்களா? விண்ணப்பத்துக்கு எஸ்.சி. மாணவர்கள் கட்ட வேண்டியது 1,000 ரூபாய். அது பெரிய விஷயமில்லை. தங்கிப் படிக்கும் கோச்சிங் ஒன்றில் கேட்டபோது ஒன்றரை லட்சம் என்றார்கள், சோறு தனி. அதைக் கேட்டு மாமா சிரித்தார். எனவே வீட்டிலிருந்தே படிப்பு. வீட்டிலிருந்து படிக்கிற பெண் பிள்ளையை நம் ஊரில் எப்படிச் சொல்வார்கள்? "சும்மாதான் இருக்கு." காலையில் தண்ணீர் பிடிக்க அவள். தம்பியைப் பள்ளிக்குக் கிளப்ப அவள். ரேஷன் கடை வரிசையில் அவள். பெரியம்மா ஆஸ்பத்திரியில் படுத்தால் கூடத் தங்குவது அவள், ஏனென்றால் அவள்தானே சும்மா இருக்கிறாள்! மத்தியானம் உட்கார்ந்தால் டிவி ஓடும், வெயில் தகரத்தில் அடிக்கும். இராத்திரி பத்து மணிக்கு மேல்தான் அவளுக்கு நேரம். மூன்று மணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்து ஒரு முழு மாதிரித் தேர்வைக்கூட அவள் வீட்டில் எழுதி முடித்ததில்லை. ஆறு மாதம் போனதும் ஊரில் யாராவது ஒரு மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல ஆரம்பிப்பார்கள். பையனாக இருந்தால் இன்னொரு விதம். செங்கல் சூளைக்கோ பெயிண்ட் அடிக்கவோ கூப்பிட்டுக்கொண்டு போய்விடுவார்கள்.

ஒவ்வோர் ஆண்டும் முடிவு வரும்போது பத்திரிகையில் ஒரு செய்தி வரும். நான்காம் முறை எழுதி வென்ற ஆடு மேய்ப்பவர் மகன், ஐந்தாம் முறை வென்ற கூலித் தொழிலாளி மகள். அந்தப் பிள்ளைகளை நான் வணங்குகிறேன். ஆனால் அந்த நான்கு வருஷமும் சோறு போட்டது யார், எந்த அக்காவின் படிப்பு நின்றது, எவ்வளவு வட்டிக்கு வாங்கினார்கள் என்று அந்தச் செய்தியில் ஒரு வரி இருக்காது. அந்தச் செய்தித்தாளைத்தான் அக்கா மகளிடம் ஒருவர் கொண்டுவந்து காட்டினார். நல்ல எண்ணத்தில்தான் காட்டினார். அவள் அன்று ராத்திரி முழுக்க அழுதாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். அவளுடைய விடைகளை எடுத்துவைத்து உட்கார்ந்தோம். 180 கேள்வி, 180 நிமிடம். சரியென்றால் நான்கு, தப்பென்றால் ஒன்று போய்விடும். 90 கேள்வி உயிரியல். அவள் வாங்கியதில் பெரும்பகுதி அங்கிருந்துதான். இயற்பியலில் 45 கேள்வியில் பாதிக்கு மேல் தொடவே இல்லை, தொட்டதிலும் பல தப்பு. ஏன் என்று கேட்டேன். பதினோராம் வகுப்பில் பல மாதம் இயற்பியலுக்கு ஆசிரியர் இல்லையாம். அந்தப் பாடத்தை அவள் படிக்காமல் விடவில்லை, அவளுக்கு யாரும் நடத்தவே இல்லை. எனக்கு அது முக்கியமாகப் பட்டது. இரண்டு வருஷம் முழு நேரப் பயிற்சியில் இருந்து, எல்லாம் நடத்தி, அப்படியும் மதிப்பெண் நகரவில்லை என்றால் மூன்றாவது வருஷம் என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். நடத்தவே நடத்தாத பாடம் என்றால் கதை வேறு. மறுபடி எழுதலாமா என்று உங்களிடம் யாராவது கேட்டால் முதலில் இதைப் பாருங்கள். எவ்வளவு மதிப்பெண் குறைகிறது என்று பார்ப்பதைவிட, எங்கே குறைகிறது, ஏன் குறைகிறது என்று பாருங்கள்.

இருந்தாலும் நான் நர்சிங் என்றுதான் சொன்னேன். பி.எஸ்சி. நர்சிங் பிளஸ் டூ மதிப்பெண்ணில் கிடைக்கும், 538-க்கு நல்ல கல்லூரியே கிடைக்கலாம், நான்கு வருஷத்தில் வேலை. கால்நடை மருத்துவமும் இங்கே பிளஸ் டூ மதிப்பெண்ணில்தான், அதற்கும் போட்டுப் பார்க்கலாம். ஒரு தாளில் இந்தப் பக்கம் செலவு, அந்தப் பக்கம் வரவு என்று எழுதிக் காட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "எல்லாம் சரி சித்தி. நீ நெட் எத்தன வாட்டி எழுதின?"

நான்கு முறை. உதவித்தொகையோடு ஆய்வு செய்வதற்கான அந்த நெட் தேர்வை நான் நான்கு முறை எழுதித்தான் வாங்கினேன். முதல் மூன்று முறையும் விடுதியில் இருந்தேன், மெஸ்ஸில் சோறு, நூலகம் இராத்திரிவரை திறந்திருக்கும். யாரும் என்னைத் தண்ணீர் பிடிக்கச் சொல்லவில்லை. யாரும் என்னை ரிப்பீட்டர் என்றும் சொல்லவில்லை. எனக்குக் கிடைத்த அந்த இடத்தைக் கணக்கில் எழுதாமல், அவளுக்கு மட்டும் கணக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நொடி வெட்கமாகப் போய்விட்டது.

இப்போது அவள் சென்னையில் என் வாடகை அறையில் இருக்கிறாள். காலையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்விடுவாள். இயற்பியல் சொல்லிக்கொடுக்க என்னோடு படித்த ஒரு தோழர் வாரம் மூன்று நாள் நேரம் கொடுக்கிறார். அக்காவிடம் ஒரு கெடு சொல்லியிருக்கிறோம். 2026 மே தேர்வோடு சரி, வந்தாலும் வராவிட்டாலும் அந்த ஆண்டு ஏதோ ஒரு கல்லூரியில் சேர்ந்துவிடுவாள். வராவிட்டால் அவள் தோற்றவள் என்று வீட்டில் ஒருவரும் பேசக்கூடாது. இதற்கு அக்கா தலையாட்டினாள். மாமா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

இது ஒரு வீட்டுக் கதை. ஓர் ஆய்வு மாணவி சித்தியாக வாய்த்த பிள்ளைக்கு நடந்தது. வாய்க்காத பிள்ளைகளுக்கு? நீட் விலக்கு மசோதாவை 2021-இல் சட்டமன்றம் நிறைவேற்றியது, ஆளுநர் திருப்பி அனுப்பினார், 2022-இல் மறுபடி நிறைவேற்றினார்கள், 2025-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் இல்லை என்று பதில் வந்தது. அந்தப் போராட்டத்தை விடச் சொல்லவில்லை. அனிதா 1176 மதிப்பெண்ணோடு உச்சநீதிமன்றம்வரை போய் நின்றதை மறக்கவும் சொல்லவில்லை. ஆனால் இந்த ஆண்டுகளில் ஒவ்வொரு ஜூனிலும் நம் காலனியில் ஏதோ ஒரு வீட்டில் ஒரு பிள்ளை "மறுபடி எழுதட்டுமா" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த வீட்டுக்குள் கோச்சிங் ஏஜெண்ட் போய்விட்டார். கடன் கொடுப்பவர் போய்விட்டார். நாம் இன்னும் போகவில்லை.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. நீங்கள் நடத்துகிற அம்பேத்கர் இரவுப் பாடசாலைகளின் கட்டடம் பகலில் பூட்டிக் கிடக்கிறது. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை அதைத் திறந்துவையுங்கள். மின்விசிறி, நான்கு மேசை, ஒரு கடிகாரம். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேர மாதிரித் தேர்வு, செல்போன் வெளியே. இயற்பியல் படித்தவர்கள் இங்கே எத்தனை பேர் இருக்கிறீர்கள்? கை தூக்குங்கள். ஏழு, எட்டு... ஒன்பது. பின்னால் ஒருவர் பாதிக் கை தூக்குகிறார், அவரையும் சேர்த்துக்கொள்கிறேன். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கொடுத்தால் போதும். முக்கியமாக, பிள்ளையைக் கூப்பிடப் போகும்போது அம்மாவிடம் உட்கார்ந்து பேசுங்கள். "சும்மாதான் இருக்கு" என்ற வார்த்தை அந்த வீட்டிலிருந்து போகாமல் நாற்காலி போட்டுப் பிரயோஜனம் இல்லை.

போன வாரம் அவள் எழுதிய மாதிரித் தேர்வில் இயற்பியலில் முப்பது கேள்வி தொட்டிருந்தாள். இருபத்திரண்டு சரி. போதுமா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றுதான் சொன்னேன்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். எட்டரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அறையில் அவள் தனியாக இருக்கிறாள்.