வாசல் வரைக்கும் வந்த வண்டி

(மருத்துவமனை ஆதரவாளர்களின் ஆண்டுக் கூட்டத்தில் சமுதாய மறுவாழ்வுப் பிரிவின் ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



நீங்கள் அனுப்புகிற காணிக்கையினால் எத்தனை சக்கர நாற்காலிகள் கொடுத்தோம், எத்தனை காலிப்பர்கள் செய்தோம் என்கிற கணக்கை வருடாவருடம் இந்த மேடையில் வாசிப்பது வழக்கம். இந்த முறை, அப்படிக் கொடுத்த ஒரு வண்டி எங்கே போய் நின்றது என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் பிரிவு போய்வருகிற கிராமம் ஒன்றில் ஒரு சகோதரி இருக்கிறார். சிறுவயதிலே இளம்பிள்ளைவாதம் வந்து இரண்டு கால்களும் செயலற்றுப் போயின. தையல் வேலை செய்து தாயாரைக் காப்பாற்றுகிறவர். உங்கள் உதவியினால் அவருக்குச் சக்கர நாற்காலி கிடைத்தது. அது கிடைத்த பிறகு வந்த முதல் கிராம சபைக் கூட்டத்துக்கு அவரே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். கூட்டம் நடந்த கட்டடத்துக்கு மூன்று படிகள். சாய்தளம் இல்லை. உள்ளே மைக் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, காதில் விழுந்ததைக் கேட்டுவிட்டுத் திரும்பினார்.

மறுவாரம் நான் போயிருந்தபோது, "வண்டி வாசல் வரைக்கும் வந்துருச்சு சார். அந்த மூணு படி ஏறத்தான் வழியில்ல" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நான் சிரிக்கவில்லை.

அன்றைய கூட்டத்தில் பெண்களுக்குப் பொதுக் கழிப்பறை கட்டத் தீர்மானம் போட்டார்கள். நல்ல தீர்மானம்தான். கட்டியும் முடித்தார்கள். அதற்கு இரண்டு படி. கதவோ, வண்டி நுழைய முடியாத அகலம். யாரும் அவருக்குக் கெடுதல் நினைத்துச் செய்யவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் மரத்தடியில் இருந்தார், அவ்வளவுதான். கூட்டத்துக்குள் வர முடியாதவருடைய தேவை தீர்மானத்துக்குள்ளும் வருவதில்லை. நான் இன்று சொல்ல வந்தது இதுவே.

கிராம சபை என்பது பெரிய மனிதர்கள் கூடுகிற இடம் அல்ல. அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தத்தின்படி, ஊரின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். தமிழ்நாட்டில் குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி ஆகிய 4 நாட்களில் இது கூடி வந்தது. 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்க்கப்பட்டன. ஊராட்சியின் வரவு செலவும், செய்யப்போகிற வேலைகளும் அங்கேதான் மக்கள் முன் வைக்கப்படுகின்றன. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் மாநிலத்தில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர். இவர்களில் எத்தனை பேரை நீங்கள் அப்படிப்பட்ட கூட்டத்தில் பார்த்திருக்கிறீர்கள்?

தடை என்றவுடன் நமக்குப் படிதான் ஞாபகத்துக்கு வருகிறது. ஆனால் படி ஒன்றுதானா? கூட்டத்தை ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கிறார்கள். காது கேளாதவருக்கு அது எட்டாது. சுவரில் நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். பார்வையற்றவருக்கு அது வெறும் சுவர். வரவு செலவை வேகமாக வாசித்துவிட்டு "எல்லாருக்கும் சம்மதந்தானே?" என்று கேட்டால், மனவளர்ச்சி குன்றிய பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் இருக்கிற தாய் எப்படிக் கை தூக்குவாள்?

இன்னொரு தடையும் உண்டு. நம்மைப் போன்ற மருத்துவமனைகளுக்கு அது பழக்கமானது. தொழுநோய் வந்தவர்களை நகராட்சி மன்றத்தில் உறுப்பினராக இருக்க விடாத சட்டப்பிரிவு ஒரிசாவில் இருந்தது. அந்தப் பிரிவு செல்லும் என்று உச்ச நீதிமன்றமே 2008இல் தீர்ப்புச் சொன்னது. சிகிச்சையினால் குணமாகிற நோய் அது. உடம்பிலிருந்து நோய் போன பிறகும் சட்டப் புத்தகத்திலிருந்து போகவில்லை.

"அதற்கென்ன, நாலு பேர் தூக்கிக்கொண்டு போய் உள்ளே உட்கார வைக்கலாமே" என்று சிலர் சொல்லுகிறார்கள். அன்பினால் சொல்லுகிற சொல்தான். நமக்கும் கப்பர்நகூமில் நடந்தது உடனே நினைவுக்கு வரும். ஜனக்கூட்டத்தினால் வாசல் அடைபட்டிருந்தபோது, திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்துவந்து கூரையைப் பிரித்து இறக்கினார்கள். அந்த நால்வரையும் நாம் மெச்சிப் பிரசங்கம் செய்கிறோம். ஆனால் மறுநாள் இன்னொரு திமிர்வாதக்காரன் வந்திருந்தால்? மறுபடியும் கூரையைப் பிரிப்பார்களா? வாசலில் நின்றவர்கள் கொஞ்சம் விலகி வழி விட்டிருந்தால் போதுமே! இந்தக் கேள்வியை நாம் அதிகம் கேட்டதில்லை.

சுமக்கப்படுகிறவருடைய மனது எப்படி இருக்கும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த வழக்கு ஒன்று சாட்சி. டென்னசி மாநிலத்தில் ஜார்ஜ் லேன் என்பவர் சக்கர நாற்காலியில் இருப்பவர். அவர் மீதிருந்த வழக்கு இரண்டாம் மாடியில் நடந்தது, லிஃப்ட் கிடையாது. முதல் நாள் இரண்டு மாடிப் படிகளையும் ஊர்ந்தே ஏறினார். அடுத்த தடவை வந்தபோது, ஊர்ந்து வரமாட்டேன், தூக்கிக்கொண்டு போகவும் விடமாட்டேன் என்று கீழேயே இருந்துவிட்டார். ஆஜராகவில்லை என்று அவரைக் கைது செய்தார்கள்! அவர் தொடுத்த வழக்கில் 2004இல் அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சுமப்பது இரக்கம். வழி திறப்பதோ நியாயம். இரண்டும் வேண்டும், ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்று ஆகிவிடாது.

நம் நாட்டிலும் சட்டம் உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுக் கட்டடங்கள் யாவும் எல்லோரும் வந்துபோகத்தக்கதாக இருக்கவேண்டும் என்கிறது. பழைய கட்டடங்களை மாற்ற விதிகள் வெளியான நாளிலிருந்து 5 ஆண்டு தவணை கொடுத்தது. விதிகள் வெளியானது 2017 ஜூனில். தவணை முடிந்தது 2022 ஜூனில். பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி என்பவர் 2005இல் தொடுத்த வழக்கில், 2024 நவம்பர் 8ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வசதி செய்து கொடுப்பதை வெறும் ஆலோசனை அளவில் வைக்கிற விதி சட்டத்துக்கு முரணானது, கட்டாயமான தரங்கள் வகுக்கப்பட வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பு.

2025 ஏப்ரலில் நம் சட்டமன்றம் இன்னும் ஒரு படி முன்னே போயிற்று. உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாகச் சேர்க்கும் திருத்தங்களை நிறைவேற்றியது. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகளுக்கும் இது பொருந்தும். சந்தோஷமான செய்தி. ஆனால் நியமனம் பெற்றவர் அந்த மூன்று படிகளின் முன்னால் நின்றால், பெயர் பதிவேட்டில் இருக்கும். ஆள் மரத்தடியில் இருப்பார்.

இனி நாம் செய்யக்கூடியது என்ன? பெரும்பாலும் இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. கூட்டத்தைத் தரைமட்டமான இடத்தில் வைக்கலாம். சாய்தளம் கட்டினால் ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். மூன்று படி ஒன்றரை அடி என்றால் 18 அடி. இதைக் குறைத்துச் செங்குத்தாகக் கட்டிவிட்டு "சாய்தளம் இருக்கிறது" என்று கணக்கு எழுதுகிறார்கள். அதில் ஏறுகிற வண்டி பின்னால் சாய்ந்துவிடும். காது கேளாதோர் பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் ஒரு வாரம் முன்பே சொல்லி வைத்தால் சைகையில் எடுத்துச் சொல்ல வருவார். பார்வையற்றவர் வீட்டுக்குப் போய் நோட்டீசை வாசித்துக் காட்ட ஒரு வாலிபர் போதும்.

உங்கள் வாலிபர் ஐக்கியமும் பெண்கள் ஐக்கியமும் கிராம சபை கூடுகிற நாட்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்நாளில் ஒரு மாற்றுத்திறனாளியோடு கூடப் போங்கள். அவருக்காக நீங்கள் பேசாமல், அவர் பேசும்படி பக்கத்தில் இருங்கள். நம்முடைய பள்ளிக்கூடங்களிலும் சபைக் கூடங்களிலும் ஊர்க் கூட்டங்கள் நடப்பதுண்டு. அங்கே எத்தனை படி இருக்கிறது என்று, பிறரைக் குறை சொல்லுமுன், நாமே எண்ணிப் பார்ப்போம்.

அந்தச் சகோதரியின் காரியம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள. எங்கள் பிரிவின் உதவியோடு அவர் மனு எழுதிக் கொடுத்தார். அடுத்த கூட்டத்தை அவர் உட்கார்ந்திருந்த அதே வேப்பமரத்தடிக்கு மாற்றினார்கள். ஒரு ரூபாய் செலவில்லை. கழிப்பறைப் படிகளைப் பற்றி அவரே மைக்கில் பேசினார். அதை மாற்றித் தருவதாகத் தீர்மானமும் எழுதினார்கள். நான் இதைப் பேசுகிற இன்றைக்கு அந்த இரண்டு படிகளும் அப்படியேதான் இருக்கின்றன. ஆகவே அடுத்த கூட்டத்துக்கும் அவர் போவார்.

நீங்கள் கொடுத்த வண்டி அவரை வாசல் வரைக்கும் கொண்டுவந்தது. அதற்காக உங்களுக்கு நன்றி. இனி வாசலையும் திறக்க எங்களோடுகூட நில்லுங்கள். தேவன் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக.